கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எஃப்எம் ரிசீவர்: ரெயூனியன் நிலையங்களைக் கண்காணிக்க எது வாங்கலாம்?

ரோஸ்ஹில்காரன் | மொரீஷியஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு எஃப்எம் ரிசீவர் தேடுகிறேன். பாட்டுக் கேட்க அல்ல.

எங்கள் தீவின் மேற்குக் கரையில், ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கில் சித்தப்பா வீடு இருக்கிறது. மொட்டைமாடியில் சாதாரண ரேடியோவைத் திருப்பினாலே சில இரவுகளில் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் நிலையங்கள் கிடைக்கின்றன. ஒரு நாள் ஸ்டீரியோவில் தெளிவாக வருகிறது, மறுநாள் வெறும் இரைச்சல். எந்த நிலையம் எப்போது வருகிறது, எவ்வளவு பலமாக வருகிறது என்பதைக் கம்ப்யூட்டரே குறித்துவைக்க வேண்டும். நான் எபேனில் வேலையில் இருக்கும்போதும் அது பாட்டுக்கு ஓட வேண்டும்.

ஆகவே கம்ப்யூட்டர் சொல்கிற அலைவரிசைக்கு மாற வேண்டும், சிக்னல் பலத்தை எண்ணாகத் தர வேண்டும், ஆர்டிஎஸ் (நிலையம் ஒலியோடு சேர்த்து அனுப்பும் பெயர் போன்ற தரவு) படிக்க வேண்டும். லினக்ஸ் என்றால் மகிழ்ச்சி. பைதான் எழுதுவேன், சாலிடரிங் சுமார்தான். கையில் 5,000 மொரீஷியஸ் ரூபாய் வரை இருக்கிறது.

யூஎஸ்பியில் செருகும் எஃப்எம் ரேடியோக்களைப் பற்றிப் பழைய பக்கங்களில் நிறையப் படித்தேன். கடையில் ஒன்றுகூட இல்லை. எங்கே போயின அவை?

சாட்ஸ்வர்த்_சிற்றலை | டர்பன்

தம்பி, அவை பழைய சாமான் பெட்டிக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. டி-லிங்க் டிஎஸ்பி-ஆர்100, கிரிஃபின் ரேடியோஷார்க், ஏடிஎஸ் இன்ஸ்டன்ட் எஃப்எம் என்று ஒரு காலத்தில் வந்துகொண்டே இருந்தன. வானொலி இணையத்துக்குப் போன பிறகு கம்ப்யூட்டரில் எஃப்எம் கேட்கத் தனிப் பெட்டி யாருக்கு வேண்டும்? ஏலத் தளத்தில் கண்ணில் பட்டாலும் அந்த டி-லிங்க்கை வாங்காதே. ஆர்டிஎஸ் கிடையாது, சிக்னல் பலமும் சொல்லாது. உன் வேலைக்கு இரண்டுமே வேண்டும்.

என் மேசையில் ஐகாம் பிசிஆர்-1000 இருக்கிறது. 1990-களின் பிற்பகுதிச் சரக்கு. முகப்பில் பவர் பொத்தானைத் தவிர ஒன்றும் இல்லை, மற்றதெல்லாம் சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர்தான். 10 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1300 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். கட்டளைகள் எல்லாம் வெறும் எழுத்து வரிகள் என்பதால் பைதானில் ஐம்பது வரியில் வேலை முடியும். பழையது கிடைத்தால் விட்டுவிடாதே.

மயிலை_மின்மினி | சென்னை

இதற்கெல்லாம் ஐகாமா? டிஇஏ5767 என்ற எஃப்எம் சிப் மாட்யூல் ஒன்று, அதை இயக்க ஆர்டுயினோ என்ற சின்னப் பலகை ஒன்று. ரிச்சி தெருவில் இரண்டையும் மலிவாகவே வாங்கலாம். நான்கு கம்பி இணைத்தால் போதும்.

சாலிடர்_அக்கா | வக்வா, மொரீஷியஸ்

மின்மினி, டிஇஏ5767-ஐ எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. அது தருகிற சிக்னல் எண் நான்கு பிட், அதாவது 0 முதல் 15 வரை. கடல் தாண்டி வருகிற சிக்னல் மெதுவாக ஏறி இறங்குவதைப் பதினாறு படியில் எப்படிப் பார்ப்பது? ஆர்டிஎஸ்ஸும் இல்லை. ஆர்டுயினோ வழியில்தான் போக வேண்டும் என்றால் எஸ்ஐ4703 அல்லது ஆர்டிஏ5807எம் பரவாயில்லை. இரண்டிலும் ஆர்டிஎஸ் உண்டு, சிக்னல் எண்ணும் நுணுக்கமாக வரும். ஆனால் பலமான உள்ளூர் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலவீனமான நிலையத்தைப் பிரித்தெடுப்பதில் அவை தடுமாறும். ஃபோனுக்குள் வைப்பதற்காகச் செய்த சிப்புகள், அவ்வளவுதான்.

ஐயா சொன்ன பிசிஆர்-1000 நல்ல பெட்டி, மறுக்கவில்லை. ஆனால் அதன் ஃபில்டர் அகலங்களை, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு அகல அலைவரிசையை உள்ளே விடுகிறது என்பதைப் பாருங்கள். 230 கிலோஹெர்ட்ஸ், அதற்கு அடுத்தது 50. நடுவில் எதுவும் இல்லை. எஃப்எம் அலைவரிசைகள் 100 கிலோஹெர்ட்ஸ் படியில் அடுக்கியிருக்கின்றன. 230-இல் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே வந்துவிடுவான், 50-இல் வைத்தால் ஒலி கிழியும். 57 கிலோஹெர்ட்ஸில் இருக்கிற ஆர்டிஎஸ் துணை அலைக்கும் அந்த இடம் போதாது. அதைப் படிக்கும் வசதியே அந்தப் பெட்டியில் கிடையாது என்பது வேறு விஷயம்.

சாட்ஸ்வர்த்_சிற்றலை | டர்பன்

ஃபில்டர் விஷயம் நியாயம்தான் அம்மா. நான் பெரும்பாலும் விமான அலைவரிசையும் சிற்றலையும் கேட்கிறவன், அதனால் அது எனக்கு உறைக்கவில்லை. இங்கே எனக்கு எஃப்எம் என்றால் 87.7-இல் வரும் நம் இந்திய வம்சாவளியினருக்கான லோட்டஸ் வானொலி, அதோடு சரி. 1983-இல் அது தொடங்கிய நாளிலிருந்து கேட்கிறேன், அதற்கு ஒரு ரிசீவரும் தேட வேண்டியதில்லை!

நீர்வீழ்ச்சி | லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

இவ்வளவு தூரம் வந்தும் ஒருவரும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று சொல்லவில்லையே! எஸ்டிஆர் என்றால் நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் நிரலே செய்கிற ரேடியோ. டிவி பார்க்கச் செய்த டாங்கிள், உள்ளே ஆர்டிஎல்2832யூ சிப். அதிலிருந்து பிரிக்காத மூல அலை மாதிரிகளை அப்படியே எடுக்கலாம் என்று 2012 வாக்கில் தெரியவந்தது. அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கே தலைகீழாக மாறிவிட்டது. நல்ல தயாரிப்பு 30 முதல் 40 டாலருக்குள் கிடைக்கும். 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும்.

முக்கியமான லாபம் வேறு. டியூனர் ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தைத்தான் கேட்கும். இது 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மொத்தமாகப் பார்க்கும். ஆர்டிஎல்_பவர் என்ற நிரல் 87.5 முதல் 108 வரை சில தாவல்களில் அளந்து சிஎஸ்வி கோப்பில் எழுதிவிடும். ரெட்ஸீ என்ற நிரல் ஆர்டிஎஸ்ஸைப் பிரித்து ஜேசனாகக் கொட்டும். ஆர்டிஎல்_எஃப்எம்மை விநாடிக்கு 1,71,000 மாதிரி வேகத்தில் ஓட்டிக் குழாய் வழியாக அதற்குக் கொடுத்தால் போதும். 171 என்பது 57-இன் மூன்று மடங்கு, கணக்கு அழகாகப் பொருந்தும். எல்லாமே லினக்ஸ், எல்லாமே இலவசம்.

ரோஸ்ஹில்காரன் | மொரீஷியஸ்

நீர்வீழ்ச்சி அண்ணா, கேட்கவே ஆசையாக இருக்கிறது. அக்கா, நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை? ஏதாவது காரணம் இருக்குமே?

சாலிடர்_அக்கா | வக்வா, மொரீஷியஸ்

இருக்கிறது. எட்டு பிட்.

அந்த டாங்கிளின் அனலாக்-டிஜிட்டல் மாற்றி எட்டு பிட்தான். ஏட்டுக் கணக்கில் அதிகபட்சம் 50 டெசிபல் இடைவெளி. மிகப் பலமான சிக்னலும் மிகப் பலவீனமான சிக்னலும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். நம் தீவு எவ்வளவு சிறியது என்று உனக்குத் தெரியும். எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு ஒலிபரப்புக் கோபுரம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். 2002-இல் தனியார் வானொலிகள் வந்த பிறகு அலைவரிசைகளும் நெருக்கமாகிவிட்டன, ஒரே நிலையம் இரண்டு மூன்று இடத்தில் வரும். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசலில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற கதைதான் இது. கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவைக் குறைத்தால் ரெயூனியன் போய்விடும், கூட்டினால் உள்ளூர்க்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் போலி நிலையங்கள் முளைக்கும். தானாக ஓடுகிற நிரல் அந்தப் போலியையும் பதிவு செய்துவிட்டுப் போகும். காலையில் எழுந்து பார்த்தால் பட்டியலில் எது உண்மை என்று உனக்கே தெரியாது.

என் ஆலோசனை டிஇஎஃப்6686. என்எக்ஸ்பி நிறுவனம் கார் ரேடியோவுக்காகச் செய்த சிப். கார் என்றால் கோபுரத்தின் அடியிலும் போகும், மலைக்குப் பின்னாலும் போகும், இரண்டையும் அது சமாளித்தாக வேண்டும். ஃபில்டர் அகலத்தை 56 கிலோஹெர்ட்ஸிலிருந்து 311 வரை பதினாறு படிகளில் மாற்றலாம். ஆர்டிஎஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் அளவு, பக்கத்து அலைவரிசையின் தொல்லை, பலபாதைப் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் தனித்தனி எண்ணாகத் தரும். இஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையோடு சேர்த்து, தயார் நிலையில் சீனத் தளங்களில் விற்கிறார்கள். திரை உள்ளதும் உண்டு, திரையில்லாமல் யூஎஸ்பி மட்டும் உள்ளதும் உண்டு. உனக்கு இரண்டாவது போதும், சாலிடரிங் அறவே வேண்டாம்.

கட்டுப்படுத்துவது இன்னும் சுலபம். சோனியின் எக்ஸ்டிஆர்-எஃப்1எச்டி என்ற பழைய டியூனரைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆர்வலர்கள் ஒரு முறை வகுத்தார்கள். அதையேதான் இவையும் பின்பற்றுகின்றன. சீரியலில் டி என்ற எழுத்தையும் அதையொட்டிக் கிலோஹெர்ட்ஸில் எண்ணையும் அனுப்பினால் அந்த அலைவரிசைக்குத் தாவும். பிறகு சிக்னல் வரிகள் தானாக வந்துகொண்டே இருக்கும். எக்ஸ்டிஆர்-ஜிடிகே என்ற நிரலைத் திறந்தால் எஃப்எம் பட்டை முழுவதையும் ஸ்கேன் செய்து வரைபடமும் போடும்.

நீர்வீழ்ச்சி | லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

அக்கா சொல்வது நகர நடுவில் சரி. அவர் கேட்பது மேற்குக் கரையில், முகம் கடலைப் பார்த்து. மலை முதுகுப் பக்கம் இருக்கும். ஏழு டாலருக்குச் சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர், ஒரே திசையை நோக்கிக் கேட்கும் ஒரு நல்ல யாகி ஆன்டெனா, போதாதா? அதோடு, பின்னால் திரும்பிக் கேட்க முடிவது எஸ்டிஆரில் மட்டும்தானே? தூரத்து நிலையங்கள் திடீரெனக் கேட்கும் விசேஷமான ஒரு திறப்பு வந்தால் 2.4 மெகாஹெர்ட்ஸையும் அப்படியே பதிவு செய்துவிட்டு மறுநாள் நிதானமாக ஒவ்வொரு நிலையமாக ஆராயலாம். டியூனர் அந்த நேரத்தில் வேறு அலைவரிசையில் இருந்திருந்தால் போனது போனதுதான்.

சாலிடர்_அக்கா | வக்வா, மொரீஷியஸ்

பதிவு செய்யலாம், மணிக்கு 17 ஜிபி ஆகும். ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளுங்கள் :-)

உங்கள் கட்சியை நான் தள்ளவில்லை. அவர் எதைக் கண்காணிக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. விண்கல் சிதறலில் ஒரு விநாடி மட்டும் எட்டிப்பார்க்கிற சிக்னல் என்றால் எஸ்டிஆர்தான், நானே சொல்வேன். இவருக்குத் தேவை மாதக்கணக்கில் ஒரே அளவுகோலில் வரும் எண்கள். அதில் டியூனர் சிப்பை மிஞ்ச அந்த டாங்கிளால் முடியாது.

செந்தாந்த்ரே | ரெயூனியன்

வணக்கம். நான் உங்களுக்கு எதிர்க்கரையில் இருக்கிறேன். தமிழைப் பெரியவனான பிறகுதான் எழுதப் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வடகிழக்கில் உங்கள் தீவைப் பார்த்தபடி இருக்கிறது. உங்கள் நிலையங்கள் இங்கும் வருகின்றன, அதே கதைதான், ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. எங்கள் பக்கத்து அலைவரிசைப் பட்டியல் வேண்டுமென்றால் ஆர்கோம் என்ற பிரெஞ்சு ஒழுங்குமுறை அமைப்பு ஊர்வாரியாக வெளியிடுகிறது, ரெயூனியனும் அதில் உண்டு. எஃப்எம்லிஸ்ட் தளத்திலும் பார்க்கலாம்.

எங்கள் தீவில் எஃப்எம் நிலையங்கள் ஏராளம். 1981-க்குப் பிறகு பிரான்ஸில் தனியார் வானொலிக்குக் கதவு திறந்ததும் இங்கே மழைக்காளான் கணக்காக முளைத்தன. ரேடியோ ஃப்ரீடம் அப்போது வந்ததுதான். நேயர்கள் தொலைபேசியில் வந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், மாடு காணாமல் போனதிலிருந்து ரோடு அடைப்பு வரை. ஃப்ரீடம் குழு அனுமதியில்லாமல் நடத்திய தொலைக்காட்சியின் கருவிகளை 1991 பிப்ரவரியில் அரசு பறிமுதல் செய்தபோது சென்-தெனியில் ஷோத்ரோன் பகுதியே பற்றி எரிந்தது, உயிர்ச் சேதமும் ஆனது. டிரான்ஸ்மிட்டர் என்றால் எங்கள் ஊரில் லேசான விஷயம் இல்லை. நீங்கள் பட்டையைத் திருப்பும்போது யாரோ ஒருவர் க்ரியோலில் தொலைபேசியில் பொரிந்துகொண்டிருந்தால் அனேகமாக அது ஃப்ரீடம்தான்.

மயிலை_மின்மினி | சென்னை

ஒரு சந்தேகம். எஃப்எம் நேர்கோட்டில்தானே போகும்? இரண்டு தீவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

நீர்வீழ்ச்சி | லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

நெருங்கிய கரைக்குக் கரை சுமார் 175 கி.மீ. அது மொரீஷியஸின் தென்மேற்கு மூலையான லெ மோர்ன் பக்கத்திலிருந்து. ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் என்றால் 190-ஐ ஒட்டி வரும்.

கணக்கு இப்படி: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் போட்டுக் கூட்ட வேண்டும். ரெயூனியன் மலையில் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் என்றால் 130 கி.மீ. மொட்டைமாடி 10 மீட்டர் என்றால் 13. மொத்தம் 143. போதவில்லை. அதனால்தான் தினமும் வருவதில்லை.

ரோஸ்ஹில்காரன் | மொரீஷியஸ்

அப்படியென்றால் கூரெபிப் போன்ற உயரமான ஊரில் வைத்தால்? அங்கே 550 மீட்டர் இருக்குமே. மாமா வீடு அங்கேதான்.

சாலிடர்_அக்கா | வக்வா, மொரீஷியஸ்

550-க்கு 97 கி.மீ., 130-உம் சேர்ந்தால் 227. காகிதத்தில் எட்டிவிடும். ஆனால் நடுவில் ரிவியேர் நுவார் மலைகள் குறுக்கே நிற்கின்றன, அதில் உயர்ந்த சிகரம் 828 மீட்டர். இன்னொன்று, நம் அரசு ஒலிபரப்பு நிறுவனமான எம்பிசியின் மால்ஹெர்ப் கோபுரமும் கூரெபிப்பில்தான் இருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து ரெயூனியனைத் தேடுவாயா? கடற்கரையே உத்தமம். தவிர, தினமும் வந்துகொண்டே இருந்தால் கண்காணிக்க என்ன இருக்கிறது! எல்லையில் இருக்கிற சிக்னல்தான் காற்றைப் பற்றிச் சொல்லும்.

செந்தாந்த்ரே | ரெயூனியன்

அக்கா சொன்னது எனக்குப் பிடித்தது. இங்கே மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று சீராக வீசும் நாட்களில் மலையேறினால் கண்ணாலேயே பார்க்கலாம். மேகம் ஓர் உயரத்தில் மட்டமாக வெட்டியது மாதிரி நிற்கும், அதற்கு மேலே வெயில், வறண்ட காற்று. பெரும்பாலும் 2,000 மீட்டர் அருகில். கீழே ஈரமும் குளிர்ச்சியும், மேலே வெப்பமும் வறட்சியும். அந்த எல்லையில்தான் ரேடியோ அலை வளைந்து மறுபடியும் கீழே வருகிறது என்று நான் நம்புகிறேன்.

நீர்வீழ்ச்சி | லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

தலைகீழ் வெப்ப அடுக்கு, ஆமாம். ஆனால் எல்லா இரவையும் அதன் கணக்கில் எழுதாதீர்கள். 2,000 மீட்டரில் இருக்கிற அடுக்கு கடல்மட்டத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு எவ்வளவு உதவும் என்பது கோபுரம் எந்த உயரத்தில் இருக்கிறது, அடுக்கு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தாழ்வான அடுக்குகளும் உண்டு. கடல்மேல் எப்போதும் இருக்கிற ஆவியாதல் குழாய் என்று ஒன்று சொல்வார்கள். அது சில பத்து மீட்டர் தடிமன்தான், ரேடார் அலைகளுக்கு ஆகும். மூன்று மீட்டர் நீளமுள்ள எஃப்எம் அலை அதற்குள் அடங்காது. இந்த விவாதம் தீர வேண்டும் என்றால் பதிவுதான் வேண்டும்: ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிலையம், வெவ்வேறு உயரத்துக் கோபுரங்கள். எல்லாம் சேர்ந்து ஏறுகிறதா, ஒன்று மட்டும் ஏறுகிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொரு ஆட்டம் நடக்கும். சுமார் 100 கி.மீ. உயரத்தில், அயனி மண்டலத்தில் வரும் இ-அடுக்குத் திட்டுகள், அலையைத் திருப்பி அனுப்பும். அப்போது ரெயூனியனைத் தாண்டி மடகாஸ்கரின் உட்பகுதி, மொசாம்பிக் கரை வரை வாய்ப்பு உண்டு. 1,000 முதல் 2,200 கி.மீ. வரை ஒரே தாவல். பகலிலும் மாலையிலும் வரும், சில நேரம் பத்து நிமிடத்திலேயே போய்விடும்.

சாட்ஸ்வர்த்_சிற்றலை | டர்பன்

டர்பனுக்கும் மொரீஷியஸுக்கும் 2,800 கி.மீ. இருக்கும். ஒரே தாவலில் லோட்டஸ் வந்து சேராது தம்பி, ஆன்லைனில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரிசீவர் எதுவானாலும் சரி, இரைச்சலை மறந்துவிடாதே. இங்கே மின்வெட்டு அட்டவணை உச்சத்தில் இருந்த காலத்தில் பேட்டரியில் ரேடியோவைப் போட்டால் பட்டை முழுக்கத் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். எல்இடி பல்பு, ஃபோன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், டிவி பெட்டி, எல்லாமே ஒலிபரப்பு நிலையங்கள்தான், லைசென்ஸ் இல்லாதவை. வீட்டில் மெயின் ஸ்விட்சை அணைத்து, லேப்டாப் பேட்டரியில் ஒருமுறை அளந்து பார். பிறகு ஒவ்வொன்றாகப் போடு. திருடன் அகப்பட்டுவிடுவான்.

நீர்வீழ்ச்சி | லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

ஐயா சொன்னதோடு இதையும் சேருங்கள்: யூஎஸ்பி கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள், ரிசீவரை லேப்டாப்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ரோஸ்ஹில்காரன் | மொரீஷியஸ்

சித்தி எல்இடி விளக்கு எல்லாவற்றையும் போன மாதம்தான் மாற்றினார். கழற்றச் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டார் :-(

டிஇஎஃப்6686 என்று முடிவு செய்துவிட்டேன். இறக்குமதியில் சிக்கல் வருமா?

சாலிடர்_அக்கா | வக்வா, மொரீஷியஸ்

ஆர்டர் போடுவதற்கு முன்பு நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐசிடிஏ-விடம் எழுதிக் கேட்டுவிடு. ரேடியோ கருவி என்றால் கஸ்டம்ஸில் அனுமதி கேட்பார்கள் என்ற நினைப்பிலேயே இரு. பொருள் விவரத்தில் எஃப்எம் ஒலிபரப்பு ரிசீவர், ஒலிபரப்பும் வசதி இல்லை என்று தெளிவாக இருக்கட்டும். அந்த இஎஸ்பி32 பலகையில் வைஃபை இருக்கிறது, அதையும் மறைக்காதே. பொது ஒலிபரப்பைக் கேட்பது வேறு. எஸ்டிஆர் கையில் இருந்தால் போலீஸ், விமானம் என்று எல்லாமே காதில் விழும், அங்கே சட்டம் வேறு. அதையும் தெரிந்துகொண்டு தொடு.

ஆன்டெனா: 98 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் மொத்தம் 1.46 மீட்டர். அலுமினியக் குழாய் போதும். முதலில் அதை வைத்தே ஆரம்பி. பிறகு மூன்று கம்பி யாகி செய்து மேற்கு-தென்மேற்காக, 247 பாகை அளவில் திருப்பு. படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்து, எது அதிகம் தருகிறதோ அதை வை. கேபிள் சாதாரண டிவி ஆர்ஜி-6 போதும். கடற்கரை உப்பு கனெக்டரை ஒரு வருடத்தில் தின்றுவிடும், கிரீஸ் தடவி, சுயமாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்று. புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு வந்ததும் குழாயைக் கீழே இறக்கிவிடு. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருவில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம், மொட்டைமாடிக் குழாய் எம்மாத்திரம்.

ரோஸ்ஹில்காரன் | மொரீஷியஸ்

தைப்பூசக் காவடி முடிந்து ஊர் அடங்கியபோது பெட்டி வந்து சேர்ந்தது. திரையில்லாத மாதிரி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ராஸ்பெர்ரி பையில் செருகினேன், லினக்ஸ் சீரியல் போர்ட்டாக உடனே எடுத்துக்கொண்டது. டைபோல் மாடியில் நிற்கிறது. பகலில் வெறும் இரைச்சலாக இருந்த அலைவரிசை ஒன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் மெல்ல ஏறி, ஆர்டிஎஸ் பெயரோடு நின்றது. நிலையத்தின் பெயர் எட்டு எழுத்தும் முழுதாக வந்தது. சித்தப்பா பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, இதற்கா இத்தனை நாள் என்றார்.

இரண்டு கேள்வி. இந்தப் பெட்டி சொல்லும் எண்ணும் செந்தாந்த்ரே அண்ணாவின் ரிசீவர் சொல்லும் எண்ணும் ஒத்தே வரவில்லை, பத்துக்கு மேல் வித்தியாசம். அப்புறம், நிரலை எப்படிச் சுற்றவிடுவது? எல்லா அலைவரிசையையும் வரிசையாகப் போனால் ஒரு சுற்றுக்கு நேரம் நிறைய ஆகிறது.

சாலிடர்_அக்கா | வக்வா, மொரீஷியஸ்

முதலாவது, அலகைப் பாருங்கள். ஒருவர் டெசிபல்-ஃபெம்டோவாட், ஒருவர் டெசிபல்-மைக்ரோவோல்ட் வைத்திருப்பீர்கள். 75 ஓம்ஸில் இரண்டுக்கும் வித்தியாசம் 11.25. கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது. எல்லா அலைவரிசையும் தேவையில்லை. உள்ளூர் நிலையம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ரெயூனியன் வந்தாலும் தெரியாது, அவற்றைத் தள்ளிவிடு. பக்கத்து 100 கிலோஹெர்ட்ஸில் உள்ளூர்க்காரர் பலமாக இருந்தால் அதையும் சந்தேகப்படு. மிஞ்சுவது சிறிய பட்டியல்தான். அதோடு கட்டாயமாக இரண்டு சேர்: எப்போதும் மாறாத ஓர் உள்ளூர் நிலையம், எதுவுமே இல்லாத ஓர் அலைவரிசை. உள்ளூர் எண் இறங்கினால் கேபிளில் கோளாறு. வெற்று அலைவரிசையின் எண் ஏறினால் வீட்டில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். இவை இரண்டும் இல்லாத பதிவை நான் நம்பமாட்டேன்.

ஃபில்டர் அகலத்தைத் தானியங்கியில் விடாதே, ஒன்றைத் தேர்ந்து பூட்டிவிடு. தாவியதும் கால் விநாடி பொறு, பத்து அளவு எடு, நடு எண்ணை மட்டும் எழுது. அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் ஆர்டிஎஸ்ஸுக்காகச் சில விநாடி நில்.

நீர்வீழ்ச்சி | லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

ஆர்டிஎஸ்ஸில் பெயருக்காகக் காத்திருக்காதீர்கள், நிலையத்தின் அடையாள எண்ணான பிஐ குறியைப் பிடியுங்கள். பெயர் இரண்டிரண்டு எழுத்தாக நான்கு துண்டில் வரும், நான்கும் பிழையில்லாமல் சேர வேண்டும். பிஐ ஒவ்வொரு தரவுக் குழுவிலும் முதலில் வருகிறது, விநாடிக்குப் பதினொரு முறைக்கு மேல். பலவீனமான சிக்னலில் பெயர் வராது, பிஐ வந்துவிடும். இரண்டு முறை ஒரே குறி வந்தால்தான் பதிவு என்று வையுங்கள். இன்னொன்று: பிஐ-யின் முதல் இலக்கம் நாட்டைக் குறிக்கும், ஆனால் ஒரே இலக்கத்தைப் பல நாடுகள் பங்கிட்டிருக்கின்றன. கோடையில் இ-அடுக்கு திறக்கும்போது முதல் இலக்கத்தை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்துவிடாதீர்கள்.

நான் எஸ்டிஆர் கட்சியை விடவில்லை. அந்தச் சீசனுக்கு முன்னால் ஒரு டாங்கிளும் வாங்கி வையுங்கள். டியூனர் பட்டியலைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், டாங்கிள் 88-ஐ ஒட்டிய கீழ்ப் பட்டையை மட்டும் பார்க்கட்டும். திறப்பு கீழேதான் முதலில் தெரியும். கெயினை மட்டும் தானியங்கியில் விடாதீர்கள், எண்களுக்கு அர்த்தமே இருக்காது.

செந்தாந்த்ரே | ரெயூனியன்

11.25 கழித்தேன், இப்போது பொருந்துகிறது. நன்றி அக்கா.

தம்பி, நானும் இதே பெட்டியை ஆர்டர் செய்துவிட்டேன். நீ இங்கிருந்து வருவதை அளக்கிறாய், நான் அங்கிருந்து வருவதை அளக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே நிமிடத்தில் ஏறினால் கடல்மேல் இருக்கிற அடுக்குதான் காரணம், ஒரு பக்கம் மட்டும் ஏறினால் கரையோரக் காற்று என்று பிரிக்கலாம். பத்திகளை ஒரே மாதிரி வைப்போம். நேரம், அலைவரிசை, அளவு, பிஐ, ஃபில்டர் அகலம். நமக்கு இருவருக்கும் ஒரே நேரம்தான், அதில் குழப்பம் இல்லை.

சாட்ஸ்வர்த்_சிற்றலை | டர்பன்

உங்கள் இருவருக்கும் சரி, எனக்கு இரண்டு மணி நேரம் பின்னால். யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள் அப்பா, நானும் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டாமா?

ரோஸ்ஹில்காரன் | மொரீஷியஸ்

யூடிசி, சரி ஐயா. வெற்று அலைவரிசை, உள்ளூர் நிலையம் இரண்டையும் சேர்த்துவிட்டேன். வெற்று அலைவரிசை மாலை ஆறரைக்கு ஆறு டெசிபல் ஏறுகிறது, பத்தரைக்கு இறங்குகிறது. வரவேற்பறை விளக்குதான். அதற்கு மட்டும் பழைய பல்பு போட்டுக்கொள்ளச் சித்தி சம்மதித்திருக்கிறார். நிரலை நாளை இங்கே ஒட்டுகிறேன், திட்டுவதற்கு எல்லோரும் வாருங்கள்.